வெருகலின் நலம் யார் பொறுப்பு?

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவுக்கு முன் கிழக்கிலங்கையின் வெருகலைக் கடக்கிறார்கள். முல்லைத்தீவு, திருகோணமலை, மூதூர் வழியாக வந்து, வெருகல் ஆற்றங்கரையில் உள்ள சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் தங்கி, வாகரை, மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று தெற்கே இறங்கி, குமண, யால காடுகளுக்குள் புகுந்து முருகனிடம் போய்ச் சேருவார்கள். ஒன்றரை மாதத்துக்கும் மேற்பட்ட நடை அது. வெறுங்காலோடு நடப்பவர்கள் பலர்; அறுபதைத் தாண்டியவர்களும் அவர்களில் உண்டு. விடியுமுன் நடை, வெயில் ஏறினால் மரநிழல், கிடைக்கிற இடத்தில் மரக்கறிச் சோறு, மாலையில் பூசையும் பாட்டும், இரவில் கோயில் மண்டபத்தில் தூக்கம். உடலுக்கும் மனத்துக்கும் ஆன்மாவுக்கும் சேர்த்து நலம் தருவதாக இன்றைக்கு விளம்பரமாகிற எதையும் இந்த நடையோடு ஒப்பிட்டால், நடைதான் பழையது, கடினமானது, காசு கேளாதது.

ஆனால் நடப்பவரின் மனவுறுதி மட்டும் அந்த நடையை நடத்தி வைப்பதில்லை. வழியெங்கும் ஊர்கள் அன்னதானம் கொடுக்கின்றன, தண்ணீர்ப் பந்தல் போடுகின்றன. காலில் கொப்புளம் கண்டவருக்கு மருந்து தடவ யாராவது வருகிறார்கள். உகந்தைக்கு அப்பால் காட்டுப் பாதையை அரசு திறந்துவிட வேண்டும். அதற்கென்று ஆண்டுதோறும் தேதி அறிவிக்கப்படுகிறது. 1983க்குப் பிறகு போர் இந்த யாத்திரையை முடக்கியது. 1988இல் பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்க அடியார் உட்பட ஒரு சிறு குழு அதை மீண்டும் தொடங்கியது. அதன் பிறகும் போர் முடியும்வரை வடக்கிலிருந்து எல்லா ஆண்டும் நடந்துவிட முடியவில்லை. பக்தி வற்றி நின்ற யாத்திரையல்ல அது. பாதையில் உயிருக்கு உத்தரவாதம் இல்லாததால் நின்றது. ஒருவர் உடலாலும் மனத்தாலும் ஆன்மாவாலும் நலமாக இருக்கத் தானே செய்துகொள்ளக்கூடியது கொஞ்சம். மிச்சத்தை அவர் வாழும் இடமும் அவரைச் சூழ்ந்தவர்களும் ஆட்சியும் செய்து கொடுக்க வேண்டும். இயற்கை வாழ்வு, முழுமை நலம் என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கொஞ்சத்தைப் பற்றியே பேசுகிறார்கள். மிச்சத்தைப் பற்றிப் பேச வெருகலைவிடப் பொருத்தமான ஊர் கிழக்கில் அதிகம் இல்லை.

நலவாழ்வு இன்று பெருவணிகம். குளோபல் வெல்னஸ் இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பின் கணக்குப்படி 2022இல் உலக அளவில் அதன் பெறுமதி 5.6 இலட்சம் கோடி டொலர். இலங்கையின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். இலங்கையும் அந்தச் சந்தையில் ஒரு கடை விரிக்க நெடுநாளாக முயல்கிறது. ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை, யோகாசனம், தியானம், மூலிகைத் தேநீர் என்று வெளிநாட்டுப் பயணிகளுக்காகக் கட்டிய பொதி அது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்நியச் செலாவணிக்குத் தவிக்கும் நாடு எதையாவது விற்கத்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது வேறு. 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் யாப்பு, ஆரோக்கியம் என்றால் உடலும் மனமும் சமூக வாழ்வும் முழுமையாக நலமாக இருத்தல் என்றது. நோய் இல்லாதிருப்பது மட்டும் போதாது என்றும் சேர்த்துச் சொன்னது. 1984இல் உலக சுகாதாரப் பேரவை ஆன்மிகப் பரிமாணத்தையும் ஒரு தீர்மானத்தில் ஏற்றுக்கொண்டது. ஆக, கணக்கில் நான்கு இருந்தன. சந்தை உடலையும் மனத்தையும் ஆன்மாவையும் எடுத்துக்கொண்டு சமூகத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டது. ஏன் என்று ஊகிப்பது கடினமல்ல: ஆளுக்கு ஆள் பற்றுச்சீட்டு எழுத முடியாத ஒரே சரக்கு அதுதான்.

வெருகலுக்குத் திரும்புவோம். மகாவலியின் ஒரு கிளை வெருகல் ஆறாகி இங்கே கடலில் விழுகிறது. திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை இது. ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டம். போருக்குப் பிறகு பாலம் வரும்வரை பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போக வேண்டியிருந்தது. ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம், வாழைத்தோட்டம், வட்டவன், பூமரத்தடிச்சேனை என்று பரந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்தில் வயலும் சேனையும் கடலும் களப்பும் காடும் ஒரு நாள் நடைக்குள் அடங்கிவிடும். இங்கே வாழ்வோரில் ஒரு பகுதியினர் கரையோர வேடர்களின் வழிவந்தவர்கள். தமிழ் பேசுபவர்கள். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கிழக்குக் கரையோர வேடர்களுக்கும் இடம் தந்தார்கள். தேன் எடுப்பது, கிழங்கு அகழ்வது, களப்பில் மீன் பிடிப்பது, சேனையில் குரக்கனும் சோளமும் போடுவது, மூதாதையரையும் குமார தெய்வத்தையும் சடங்கு வைத்து அழைப்பது: இயற்கை வாழ்வுப் பயிற்சி முகாம்கள் கற்றுத்தர விரும்பும் பாடத்திட்டத்தை இவர்கள் பிறந்த நாளிலிருந்து படித்தவர்கள். அப்படியிருந்தும் மாவட்டத்தின் வறிய பிரதேசங்களைச் சொல்லச் சொன்னால் வெருகலின் பெயர் முதல் வரிசையில் வருகிறது. இயற்கையோடு வாழ்ந்தால் நலம் தானே வரும் என்று சொல்பவர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

விடையின் ஒரு பகுதி வரலாற்றில் இருக்கிறது. 2004 ஏப்ரல் 9, பெரிய வெள்ளியன்று, புலிகள் இயக்கத்தின் இரு பிரிவுகள் வெருகல் ஆற்றங்கரையில் மோதின. இரு பக்கமும் நின்றவர்கள் தமிழ்ப் பிள்ளைகள். அந்த ஆண்டு டிசெம்பர் 26 ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2006 யூலையில் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள். ஓகஸ்ட் 8இல் அது திறந்தபோது முழுப் போர் தொடங்கிவிட்டிருந்தது. ஈச்சிலம்பற்று மக்களும் மூதூர் கிழக்கு மக்களும் எறிகணைக்குத் தப்பி வாகரைக்கு ஓடினார்கள். 2007 ஜனவரியில் வாகரை படையினர் வசமானபோது அங்கிருந்தும் எழும்பி மட்டக்களப்பு முகாம்களில் ஒதுங்கினார்கள். பிறகு அவ்வாண்டிலேயே மீள்குடியேற்றம். மூன்று ஆண்டுகளுக்குள் இத்தனையும் கண்ட மனிதரிடம் மூச்சைக் கவனியுங்கள், எண்ணங்களை விட்டுவிடுங்கள் என்று சொல்வது தப்பில்லை. மூச்சுப் பயிற்சி பலருக்கு உதவத்தான் செய்கிறது. அது போதும் என்று எண்ணுவதுதான் தப்பு.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உளநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தனி ஆளின் மனவடுவோடு நின்றுவிட்டால் இழப்பின் பெரும்பகுதி கண்ணில் படாது. குடும்பம், ஊர், அயல், நம்பிக்கை ஆகியவை சேர்ந்தே காயப்படுகின்றன, அதைக் கூட்டு மனவடு என்றுதான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். சிகிச்சையிலும் அவர் மேற்கத்திய முறையோடு நின்றுவிடவில்லை. மந்திர செபம், சாந்தி ஆசனம் போல மக்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவற்றை அவரவர் சமயத்துக்கு ஏற்ப மனத்தளர்வுப் பயிற்சியாகப் பயன்படுத்தினார். ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகெங்கிலிருந்தும் உளவளத்துணையாளர்கள் இலங்கையில் வந்து இறங்கியபோது இந்தப் பாடம் மறுபடி தேவைப்பட்டது. வந்தவர்கள் கையில் இருந்தது மேற்கில் செய்த கேள்விப் பட்டியல். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிடுகிறீர்களா, நினைவைத் தவிர்க்கிறீர்களா என்று அது கேட்டது. இலங்கையில் வளர்ந்து கலிபோர்னியாவில் உளவியல் கற்பித்த காயத்திரி பெர்னாண்டோ நம் மக்களிடம் பேசிக் கண்டது வேறு. அவர்கள் துன்பத்தை உடல் வலியாகவும், உறவில் விழுந்த ஓட்டையாகவும் சொன்னார்கள். தாயாக, கணவனாக, அயலவனாகத் தன் இடத்தில் நிற்க முடியாமல் போனதே அவர்களுக்கு நோய். உள்ளம் உடைந்ததால் உறவு கெட்டது என்பது ஒரு பார்வை. உறவு கெட்டதே உடைவு என்பது இவர்கள் பார்வை. இந்த இரண்டில் எதை எடுப்பது என்பதைப் பொறுத்து மருந்தும் மாறும்.

மட்டக்களப்பில் 1990களில் பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் செய்த ஆய்வு இதற்கு இன்னும் அழுத்தமான சான்று. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் அம்மன் கோயில்களில் தெய்வம் ஆடுபவர்களிடம் போய் வாக்குக் கேட்டார்கள். பொலிசிடமோ படைமுகாமிலோ கேட்க முடியாத கேள்வியை அங்கே வாய்விட்டுக் கேட்க முடிந்தது. தெய்வம் ஆடுபவர் சில வேளை காணாமல் போனவரின் காயத்தைத் தன் உடலில் உணர்ந்து துடித்தார். இது மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். ஆனால் பேசினால் உயிர் போகும் காலத்தில், ஊரார் முன்னிலையில், உரத்த குரலில் ஒரு தாய் தன் மகன் பெயரைச் சொல்லி அழக்கூடிய இடம் வேறு எது இருந்தது? அங்கே உடல், மனம், ஆன்மா மூன்றும் ஒரே சடங்கில் வேலை செய்தன. அவற்றை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்தது சுற்றி நின்ற கூட்டம். கூட்டத்தை எடுத்துவிட்டு அதே பெண்ணைத் தனியறையில் உட்கார்த்தி வைத்தால் அந்தச் சடங்கு நடக்காது.

தெய்வமாடலில் நம்பிக்கை இல்லாதவர்கள் எண்களைப் பார்க்கலாம். ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டட்டும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பற்றிய தரவுகளை ஒன்றாக ஆராய்ந்தார்கள். வலுவான உறவுகள் உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, உறவு நலிந்தவர்களைவிட ஐம்பது வீதம் கூடுதல் என்று முடிவு வந்தது. புகைப்பதை விடுவதால் கிடைக்கும் பயனோடு ஒப்பிடத்தக்க அளவு அது. கோயில் திருவிழாவில் உபயம் பிரித்துக்கொள்வதும், செத்த வீட்டில் எட்டு நாள் நிற்பதும், ஊர் கூடிச் சமைப்பதும் இந்தக் கணக்கில் மருத்துவம்தான். இடப்பெயர்வு குலைத்தது இவற்றைத்தான். முகாமிலிருந்து திரும்பியவருக்கு வீடும் கூரைத்தகடும் கொடுத்தார்கள். யாருடைய வீட்டுக்கு அருகில் யார் இருந்தார் என்பதைத் திருப்பிக் கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு பத்தி இல்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். போரும் பேரலையும் விதிவிலக்கு, நீரிழிவும் இரத்த அழுத்தமும் அவரவர் வாய்க்கட்டுப்பாடு இல்லாததால் வருவது, அதற்கு ஊரையும் அரசையும் இழுப்பானேன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இலங்கையில் 2005-06 காலத்தில் வயது வந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததாக ஒரு தேசிய ஆய்வு சொன்னது. பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய இன்னொரு ஆய்வில் அது ஐந்தில் ஒருவருக்கும் மேலாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு நாட்டு மக்களின் மனவுறுதி பாதியாகக் குறைந்துவிட்டது என்று யாரும் வாதிட மாட்டார்கள். வெருகலில் ஒருவர் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுகிறார் என்றால் அந்தப் பாணுக்கு ஒரு வரலாறு உண்டு. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அமெரிக்க உணவு உதவியாக வந்த மா, அரச மானியத்தில் மலிவாகி, கிராமம்வரை பாணைக் கொண்டுபோனது. 1977இல் அரசு செய்த ஒப்பந்தத்தின்படி 1980 முதல் இதே திருகோணமலைத் துறைமுகத்தில், சீனக்குடாவில், பிரிமா ஆலை கோதுமை அரைக்கிறது. ஒரே இடத்தில் இயங்கும் உலகின் மிகப்பெரிய மாவாலைகளில் அது ஒன்று. குரக்கனை அரைக்க அப்படி ஒரு ஆலையை எந்த அரசும் அழைத்து வரவில்லை. சேனைக்காரருக்குக் காட்டில் இடம் சுருங்கச் சுருங்கக் குரக்கன் அருமைப் பொருளாகி, இன்று நகரத்துச் சிறப்பங்காடியில் சத்துணவு என்ற பட்டியோடு கூடுதல் விலைக்கு நிற்கிறது. எதைத் தின்ன வேண்டும் என்று மக்களுக்குச் சொல்வதற்கு முன், எதை மலிவாக்கினோம் என்று பார்ப்பதே ஒழுங்கு.

தனிமனிதப் பொறுப்பு என்ற வாதத்துக்கு இலங்கையே கொடுத்த இன்னொரு பதில் உண்டு. உலகம் அதைப் பாடமாகப் படிக்கிறது, நாம் அதிகம் பேசுவதில்லை. 1995இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள்; உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. பெரும்பாலானவை கிருமிநாசினி குடித்த சாவுகள். வயல்கார வீட்டில் போத்தல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நொடிக் கோபம், கடன், அவமானம் போதும். 1995இலும் 1998இலும் மிகக் கொடிய நஞ்சுகளின் இறக்குமதியை அரசு தடுத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகியது, பின்னரும் சில நஞ்சுகள் தடுக்கப்பட்டுத் தொடர்ந்து குறைந்தது. இருபது ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் போர் ஓயவில்லை, வறுமை தீரவில்லை, மக்கள் திடீரென்று மன அமைதி பெற்றுவிடவும் இல்லை. ஒரு வர்த்தமானி அறிவித்தல் செய்த வேலை அது. மனத்தின் நலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் இறக்குமதிப் பட்டியலையும் படிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எல்லா இரசாயனத்தையும் ஒரே நாளில் தடுத்துவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்தாயிற்று. பத்து ஆண்டுகளில் சேதன விவசாயத்துக்கு மாறுவோம் என்று 2019 தேர்தலில் வாக்குறுதி அளித்துச் சனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச, 2021 மே மாதம் பசளை, கிருமிநாசினி இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார். நஞ்சில்லா உணவு, நோயற்ற மக்கள் என்று சொன்ன காரணங்கள் அழகானவை. கமக்காரருக்கு மாற்றுப் பசளையும் கிடைக்கவில்லை, மாறிக்கொள்ள அவகாசமும் கிடைக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் போய்விட்டது. நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. இயற்கை வேளாண்மை தோற்றுவிட்டது என்று சிலர் இதைக் காட்டிச் சிரிக்கிறார்கள். தோற்றது விவசாயியைக் கேட்காமல் கொழும்பில் எடுத்த முடிவு. நஞ்சுத் தடையும் மேலிருந்து வந்ததுதானே என்று கேட்கலாம். அது பல ஆண்டு மருத்துவத் தரவுகளின்மேல், ஒவ்வொரு நஞ்சாக, பயிருக்கு வேறு மருந்து இருக்கிறதா என்று பார்த்து வந்தது. விளைச்சல் குறையவில்லை என்பதையும் பின்னர் சரிபார்த்தார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஆட்சி நடத்தத் தெரிந்ததற்கும் தெரியாததற்கும் இடையிலுள்ள தூரம்.

பழைய வாழ்வைப் போற்றுவதாக இக்கட்டுரையை யாரும் வாசித்துவிடக் கூடாது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் இயற்கை உணவு உண்டவர்கள். 1963இல் நாடு முழுவதும் 17 நோயாளர் என்ற அளவுக்கு மலேரியாவை இறக்கிவிட்டு, வென்றுவிட்டோம் என்று கை கழுவியதும், சில ஆண்டுகளுக்குள் அது ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2012இல் உள்நாட்டில் மலேரியா பரவுவது நின்றது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. போர் நடந்த காலத்திலும் இரு பக்கப் பிரதேசங்களிலும் தடுப்பு வேலை ஓயாமல் நடந்ததன் பயன் அது. பாம்புக்கடியையும் பார்க்கலாம். இந்நாட்டில் ஆண்டுக்கு எண்பதாயிரம் பேரளவில் பாம்பு தீண்டுவதாகவும் நானூறுக்கு மேற்பட்டோர் சாவதாகவும் ஒரு தேசிய ஆய்வு கண்டது. கண்ணாடி விரியன் தீண்டியவரை விசகடிப் பரிசாரியிடம் மட்டும் கொண்டுபோவது கொலைக்குச் சமம். முறிமருந்து உள்ள வைத்தியசாலைதான் அவருக்குத் தேவை. வெருகல் போன்ற பிரதேசத்தில் மழைக்காலத்தில் அந்த வைத்தியசாலைக்குப் போகும் வீதி வெள்ளத்தில் மூடாமல் இருப்பதும் அதே அளவு தேவை.

அதற்காகச் சுதேச மருத்துவத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் அங்கீகரிக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாக இருக்கிறது. முறிவு நெரிவு, மூட்டுவாதம், நெடுநாள் வலி போன்றவற்றில் மக்கள் அதை நாடிப் பயனடைகிறார்கள். உலோகம் சேர்ந்த மருந்துகளுக்குத் தரச்சோதனை வேண்டும், எந்த நோயில் எது பலிக்கிறது என்று முறையாக ஆராய வேண்டும் என்ற கோரிக்கையைச் சித்த மருத்துவர்களே முன்னின்று எழுப்ப வேண்டும். அது அவர்களுக்கே பாதுகாப்பு. நோயாளியோடு நீண்ட நேரம் பேசி, உணவையும் தூக்கத்தையும் வீட்டுக் கவலையையும் சேர்த்துக் கேட்கும் பழக்கம் இன்னும் உயிரோடிருக்கும் துறை இது. வெளிநோயாளர் பிரிவில் நிமிடக் கணக்கில் ஆள் பார்க்கும் வைத்தியருக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு மறுப்பு சற்றுக் கடினமானது; அதற்கு முழுப் பதிலும் இல்லை. ஊர், உறவு, கூட்டம் என்று இவ்வளவு பேசுகிறீர்களே, அந்த ஊர்தானே சிலரை மிதித்தது என்பது அது. உண்மைதான். வேடர் என்ற பெயரே இழிவாக எண்ணப்பட்டதால் பலர் அந்த அடையாளத்தை மறைத்தே வாழ்ந்தார்கள். கோயிலில் யாருக்கு என்ன உரிமை என்பது கிழக்கிலும் சாதியையும் குடியையும் பார்த்தே பிரிக்கப்பட்டது. கணவனின் குடிப்பழக்கத்தால் அடி வாங்கும் பெண்ணுக்கு ஊர் பெரும்பாலும் பொறுத்துப் போ என்றுதான் சொல்லும். சமூகம் நலத்துக்கு அடிப்படை என்றால் கேடுகெட்ட சமூகம் நோய்க்கும் அடிப்படை. இதை ஏற்றுக்கொண்டால் வாதம் பலப்படுகிறதே தவிரத் தளர்வதில்லை. யோகா விரிப்பை விரித்து அந்த ஊரிலிருந்து ஒரு மணி நேரம் தப்பிக்கலாம். எழுந்ததும் அதே ஊர்தான் இருக்கும். மாற்ற வேண்டியது ஊரின் நடைமுறை. அது சட்டத்தாலும் படிப்பாலும் பெண்களின் கையில் வருமானம் சேர்வதாலும் மெதுவாக நடக்கிற வேலை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், சேருவில, வெருகல் பகுதிகளிலிருந்து மக்கள் வெளியேற வேண்டி வந்தது. 2006இல் பூட்டிய தண்ணீருக்குப் போர் நடந்த அதே இடத்தில் இப்போது கட்டுமீறிய தண்ணீர். வெருகலின் நலத்துக்கு என்ன தேவை என்று கேட்டால் பட்டியல் எளிதுதான். மகாவலியின் மேல்நிலத்தில் நீரைத் திறக்கிறவர்கள் கீழ்நிலத்து மக்களுக்கு நேரத்தோடு சொல்ல வேண்டும். தேனுக்கும் விறகுக்கும் கிழங்குக்கும் காட்டுக்குள் போகும் வழக்கமான உரிமையை வன, வனவிலங்குத் திணைக்களங்கள் எழுத்தில் ஏற்க வேண்டும். எல்லைக்கல் நடுமுன் அங்கே யார் பயிர் செய்தார் என்று கேட்க வேண்டும். தொல்லியல் திணைக்களத்துக்கும் இது பொருந்தும். குடிக்க நல்ல தண்ணீர், எல்லாப் பருவத்திலும் வைத்தியரும் முறிமருந்தும் உள்ள வைத்தியசாலை, வாரத்தில் சில நாளாவது ஒரு சித்த வைத்தியர், குரக்கனுக்கும் கச்சானுக்கும் கட்டுப்படியாகும் கொள்முதல் விலை. கதிர்காம யாத்திரைப் பாதையில் கழிப்பிடமும் நிழல்மரமும். சுற்றுலாவுக்காகவும் இதைச் செய்யலாம், ஆனால் முதலில் நடக்கிறவர்களுக்காக. இவற்றில் எதற்கும் புதிய தத்துவம் தேவையில்லை.

இவற்றில் சுகாதாரமும் சுதேச மருத்துவமும் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாண சபையின் கையில் இருக்க வேண்டியவை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடத்தப்படவில்லை; ஆளுநர்கள் மாறி மாறி வருகிறார்கள், அதிகாரிகள் கோப்புகளை நகர்த்துகிறார்கள். வைத்தியசாலையில் ஏன் வைத்தியர் இல்லை என்று கேட்க வெருகல் வாக்காளர் தேர்ந்தெடுத்து அனுப்பிய மாகாண சபை உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. அந்தத் தேர்தலை இனியும் தள்ளிப்போடாமல் நடத்துங்கள்.